பாய் விரித்தால் ஆள் வருமா?

1930களின் மைசூர். நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் ஜகன்மோகன் அரண்மனையில் ஒரு யோகசாலை நடந்துவந்தது. அதன் ஆசான் திருமலை கிருஷ்ணமாச்சார்யா, சாத்திரங்களைக் கரைத்துக் குடித்த பண்டிதர். ஆனால் அவர் அன்று சந்தித்தது சாத்திரச் சிக்கல் அல்ல. யோகம் என்றால் வீட்டைத் துறந்தவர்கள் செய்வது என்றுதான் ஊர் நினைத்தது. பிள்ளை குட்டிக்காரர் ஒருவர் விடியற்காலையில் எழுந்து இதை ஏன் கற்க வேண்டும் என்று யாருக்கும் விளங்கவில்லை. மகாராஜாவின் விருப்பப்படி கிருஷ்ணமாச்சார்யா மாணவர்களை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். பொதுமேடையில் பையன்கள் உடலை மடக்கியும் வளைத்தும் காட்டினார்கள். கூட்டம் வாய்பிளந்து பார்த்தது. விளக்கம் அதற்கப்புறம்தான், பாடம் அதற்கும் அப்புறம்.

அந்தப் பையன்களில் ஒருவர் பி.கே.எஸ். ஐயங்கார். 1937இல், 18 வயதில், யோகா சொல்லிக்கொடுக்கப் புனே போனார். ஊர் புதிது, மொழி புதிது, மாணவர்கள் சொற்பம், வறுமையோ கடுமை. 1952இல் உலகப் புகழ்பெற்ற வயலின் கலைஞர் யெஹுதி மெனுஹின் இந்தியா வந்தபோது, பம்பாயில் அவரைச் சந்திக்க ஐயங்காருக்கு வாய்ப்புக் கிடைத்தது. சில நிமிடங்கள் என்று சொல்லித் தொடங்கிய சந்திப்பு மணிக்கணக்கில் நீண்டது. இடைவிடாத கச்சேரிகளால் சோர்ந்து, உடம்பு இறுகிப்போயிருந்த மெனுஹின் அன்று நிம்மதியாகத் தூங்கினார். 1954இல் ஐயங்காரை அவரே ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனார். தன் மிகச் சிறந்த வயலின் ஆசிரியர் என்று பொறித்த கைக்கடிகாரம் ஒன்றையும் பரிசாகக் கொடுத்தார். வயலினையே தொட்டுக் கற்பிக்காத ஒருவருக்கு அப்படி ஒரு பட்டம்! லண்டனில் ஐயங்கார் வகுப்பைத் தேடி வந்தவர்களுக்கு இதைவிட வேறு விளம்பரம் தேவைப்படவில்லை.

சின்ன அளவில் யோகா வகுப்பு நடத்தும் ஆசிரியர்கள் பலருக்கு ‘மார்க்கெட்டிங்’ என்ற பேச்சே கூச்சம் தருகிறது. யோகாவைப் போய் விற்பதா என்று தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தில் நேர்மை இருக்கிறது, மதிக்க வேண்டும். ஆனால் நாம் இன்று அறிந்திருக்கும் யோகா நம் தெருவரை வந்து சேர்ந்ததற்குக் காரணமே, அதை அறியாதவரிடம் எப்படிக் கொண்டுபோவது என்று ஒவ்வொரு தலைமுறையிலும் சிலர் மண்டையை உடைத்துக்கொண்டதுதான். வாடகை கட்ட முடியாமல் மூடிப்போகும் நல்ல வகுப்பால் யாருக்கு என்ன பயன்?

சிரசாசனப் படம் யாருக்கு?

இன்று தமிழ்நாட்டின் எந்த நகரத்திலும் யோகா வகுப்புக்குப் பஞ்சமில்லை. மொட்டை மாடியில் தகரக்கூரை போட்டு ஒன்று, அடுக்குமாடிக் குடியிருப்பின் கம்யூனிட்டி ஹாலில் ஒன்று, பள்ளி விட்டபின் வகுப்பறையில் ஒன்று. விளம்பரம் மட்டும் எல்லா இடத்திலும் ஒரே அச்சு. தெருமுனையில் ஃப்ளெக்ஸ், நாளிதழுக்குள் செருகிய நோட்டீஸ், இன்ஸ்டாகிராமில் மாஸ்டர் தலைகீழாக நிற்கும் படம்.

அந்தப் படத்தை யார் பார்க்கிறார்கள்? 48 வயதில் முட்டி வலியோடு மாடிப்படி ஏறுகிற ஒரு பெண்மணி பார்க்கிறார். “இதெல்லாம் நமக்கு வராதும்மா” என்று அடுத்த படத்துக்குத் தள்ளிவிடுகிறார். மாஸ்டரின் திறமையைக் காட்டிய படம், வரவேண்டிய மாணவியைப் பயமுறுத்தி அனுப்பிவிட்டது. மைசூர் மேடைக்கு வித்தை தேவைப்பட்டது; அன்று யோகா வீட்டில் இருப்பவருக்கும் உரியது என்று ஊருக்குத் தெரியாது. இன்று எல்லாருக்கும் தெரியும். தனக்கு அது முடியுமா என்பதுதான் தெரியவில்லை.

அதே இடத்தில், சற்றே தொப்பை உள்ள ஒரு நடுத்தர வயதுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு விருட்சாசனத்தில் நிற்கும் படம் இருந்தால்? சேலை கட்டிய ஒரு பாட்டி நாற்காலியில் அமர்ந்து கையை உயர்த்தும் படம் இருந்தால்? அவர்களிடம் முறையாகக் கேட்டு, சம்மதம் வாங்கித்தான் போட வேண்டும். பெண்கள் வகுப்பில் இது கறாராக இருக்க வேண்டும். வகுப்பு நடக்கும்போது யாரும் மொபைலை எடுத்துப் படம் பிடிக்க மாட்டார்கள் என்ற உறுதியே பல பெண்களை உள்ளே வரவைக்கும்.

நோட்டீஸில் எழுதும் விஷயமும் மாற வேண்டும். ‘மனம், உடல், ஆன்மா’ என்று எழுதுவதைவிட, வருகிறவர் மனதில் ஓடும் கேள்விகளுக்குப் பதில் எழுதினால் பலன் அதிகம். சொல்லிக்கொடுப்பது மாஸ்டரா, மேடமா? எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா? கழிப்பறை இருக்கிறதா? என்ன உடை போட்டுக்கொண்டு வரலாம்? குழந்தையைக் கூட்டிவரலாமா? காபி குடித்துவிட்டு வரலாமா? இந்தக் கேள்விகளைக் கேட்கக் கூச்சப்பட்டே வராமல் போகிறவர்கள் ஏராளம்.

தையல்காரருக்கு ஒன்று, டிரைவருக்கு ஒன்று

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஆஸ்டின் நகரத்து நடிகை ஏட்ரியன் மிஷ்லர் 2012இல் ஒரு யூடியூப் சேனல் தொடங்கினார். கூட்டாளி கிறிஸ் ஷார்ப்புக்கு அதற்கு முன்பே யூடியூப்பில் சமையல் சேனல் நடத்திய அனுபவம் உண்டு. மக்கள் இணையத்தில் எதைத் தட்டித் தேடுகிறார்கள் என்று பார்த்து, அந்தத் தேடலுக்குப் பதிலாகவே வீடியோக்களுக்குப் பெயர் வைத்தார்கள். முதுகுவலிக்கு யோகா, ஆசிரியர்களுக்கு யோகா, எழுத்தாளர்களுக்கு யோகா, தோட்டவேலை செய்பவர்களுக்கு யோகா. பெரும்பாலானவற்றில் சமஸ்கிருதப் பெயரோ கடின ஆசனமோ தலைப்பில் இல்லை. 2015 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் 30 நாள் தொடர் ஒன்றை இலவசமாக வெளியிடுகிறார். மாதாமாதம் எந்த நாளில் எந்த வீடியோ என்று ஒரு நாட்காட்டியும் தருகிறார். இன்று அந்தச் சேனலுக்கு ஒரு கோடிக்கும் மேல் சந்தாதாரர்கள்.

ஒரு தெருவுக்குள் நடக்கும் வகுப்புக்கு ஒரு கோடிப் பேர் வேண்டாம். நாற்பது பேர் போதும். அந்த நாற்பது பேர் யார் என்று பெயர் வைத்துச் சொல்லத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். திருப்பூரில் நாளெல்லாம் தையல் மெஷினில் குனிந்திருப்பவருக்குக் கழுத்தும் தோளும். வகுப்பறையில் நின்றே பாடம் நடத்தும் டீச்சருக்குக் கெண்டைக்கால். ஆட்டோ, லாரி டிரைவருக்கு இடுப்பு. சோழிங்கநல்லூரில் லேப்டாப் முன் இருக்கும் இளைஞருக்கு மணிக்கட்டு. பிரசவத்துக்குப் பிந்தைய பெண்ணுக்கு, டாக்டர் அனுமதி கொடுத்த பிறகு, அடிவயிறு. ‘அனைவருக்கும் யோகா’ என்ற பலகையை யாரும் தன்னைக் கூப்பிடுவதாக நினைப்பதில்லை. ‘டெய்லர்களுக்கு 20 நாள், இரவு 8 மணி பேட்ச்’ என்ற பலகையை ஒரு டெய்லர் நின்று படிப்பார். படித்துவிட்டு இன்னொரு டெய்லரிடம் சொல்லவும் செய்வார்.

இந்திரா தேவி செய்ததும் இதுவே. கிருஷ்ணமாச்சார்யாவிடம் 1930களின் கடைசியில் பயின்ற ஐரோப்பியப் பெண்மணி அவர். 1940களின் பிற்பகுதியில் ஹாலிவுட்டில் வகுப்புத் தொடங்கியபோது மோட்சத்தைப் பற்றிப் பேசவில்லை. நடிகைகளுக்கு என்ன கவலையோ அதைப் பேசினார்: தூக்கம், பதற்றம், இளமை. கிளோரியா ஸ்வான்சன் போன்ற நட்சத்திரங்கள் மாணவிகளானார்கள்.

ஐயங்கார் இன்னும் ஒரு படி மேலே போனார். உடம்பு ஒத்துழைக்காதவர்களுக்காகவே நாற்காலி, மரக்கட்டை, பெல்ட், சுவர்க்கயிறு எல்லாவற்றையும் வகுப்புக்குள் கொண்டுவந்தார். சாதாரண மடக்கு நாற்காலி ஒன்றின் சாய்மானப் பலகையை எடுத்துவிட்டால் முதியவரும் பின்னால் வளையலாம். அதற்குமுன் யோகாவே முடியாது என்று ஒதுக்கப்பட்ட ஒரு பெரும் கூட்டத்துக்குக் கதவு திறந்தது. விளம்பரப் பலகையைவிட மேட் பக்கத்தில் பத்து நாற்காலிகளை வாங்கிப்போடுவது நல்ல முதலீடாக இருக்கக்கூடும்.

முதியவர்கள் என்றதும் கோவை நானம்மாளைச் சொல்லாமல் இருக்க முடியாது. பொள்ளாச்சிப் பக்கம் ஜமீன் காளியாபுரத்தில் பிறந்தவர். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். 2019 அக்டோபரில் 99 வயதில் காலமாகும்வரை யோகாவோடு வாழ்ந்தார். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் யோகா ஆசிரியர்கள் ஆனார்கள். தொண்ணூறைத் தாண்டிய ஒரு கொங்கு நாட்டுப் பாட்டி ஆசனம் செய்வதைப் பார்த்தபின் ‘எனக்கு வயசாயிடுச்சு’ என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? ஒவ்வொரு வகுப்பிலும் எழுபது வயதில் ஒருவராவது இருப்பார். புதிதாக வருபவரை அவர் பக்கத்தில் உட்காரவைத்தாலே பாதித் தயக்கம் போய்விடும்.

கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு பாடம்

வெளிநாட்டு உதாரணங்களைவிட நெருக்கமான ஒன்று இங்கேயே இருக்கிறது. கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் 1911இல் பிறந்த வேதாத்திரி மகரிஷி 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். அவருடைய மனவளக்கலை மன்றங்கள் தமிழ்நாட்டின் சின்ன ஊர்கள்வரை பரவின. எப்படி?

முதலாவதாக, பயிற்சிகளின் பெயர்கள். கைப்பயிற்சி, கால்பயிற்சி, கண்பயிற்சி. படிக்காத பாட்டிக்கும் புரியும், பயம் கொடுக்காது. அடுத்தது, ‘வாழ்க வளமுடன்’ என்ற வாழ்த்து. மன்றத்துக்குப் போகிறவர் தொலைபேசியை எடுத்தால் அதைச் சொல்வார், கடைக்காரரிடமும் சொல்வார், கேட்டவர் “நீங்க மனவளக்கலையா?” என்பார். பேச்சு அங்கே தொடங்கிவிடும். இவற்றையெல்லாம்விட, இந்தக் கட்டுரையின் பார்வையில், மிகக் கூர்மையான யோசனை மனைவி நல வேட்பு நாள். மகரிஷியின் துணைவியார் லோகாம்பாள் பிறந்த நாளான ஆகஸ்ட் 30இல் கணவனும் மனைவியும் சேர்ந்து வந்து ஒருவருக்கொருவர் மலரும் கனியும் கொடுத்து நன்றி சொல்லும் விழா. அது விளம்பரத்துக்காகத் தொடங்கியதல்ல, உள்ளன்போடு தொடங்கியது. ஆனால் அந்த ஒரு நாளில் வகுப்புக்கே வராத கணவரோ மனைவியோ முதல் முறையாக மன்றத்துக்குள் காலடி வைக்கிறார். மாணவரின் வீட்டுக்காரர்களை உள்ளே அழைக்க ஒரு நாள் வேண்டும் என்பதை எந்த மார்க்கெட்டிங் புத்தகத்தையும்விட அந்த விழா நன்றாகச் சொல்கிறது.

பிள்ளைகள் வழியாகவும் வீடு உள்ளே வரும். 2020 டிசம்பரில் மத்திய விளையாட்டு அமைச்சகம் யோகாசனத்தைப் போட்டி விளையாட்டாக அங்கீகரித்தது. அதிலிருந்து பள்ளி மாணவர்களை யோகாவுக்கு அனுப்பும் பெற்றோரின் ஆர்வம் வேறு வகையானது. மகளை வகுப்பில் விட்டுவிட்டு வாசலில் ஒரு மணி நேரம் மொபைல் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாக்களுக்கு, அதே நேரத்தில் பக்கத்து அறையில் ஒரு பேட்ச் தொடங்கினால் என்ன?

ஆட்டுக்குட்டியும் கல்யாண மண்டபமும்

2016இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் லெய்னி மோர்ஸ் என்ற பெண்மணியின் பண்ணைக்கு வந்த ஒரு யோகா ஆசிரியை, இங்கேயே வகுப்பு நடத்தலாமா என்று கேட்டார். ஆடுகளும் இருக்கும், பரவாயில்லையா என்றார் மோர்ஸ். அப்படிப் பிறந்தது ‘ஆட்டு யோகா’. குனிந்திருப்பவர் முதுகில் குட்டி ஏறி நிற்கும் படம் உலகைச் சுற்றியது. காத்திருப்போர் பட்டியல் நீண்டது. பல நாடுகளில் நகல்கள் முளைத்தன.

இதை அப்படியே செய்ய வேண்டியதில்லை. புதுமைக்காக வருகிறவர் ஒரு முறை வருவார். அடுத்த மாதம் வரவைப்பது பாடம்தான். கவனிக்க வேண்டியது இடம். யோகா என்றால் கண்ணாடி பதித்த நாலு சுவருக்குள் என்ற எண்ணத்தை அந்தப் பண்ணை உடைத்தது. கனடாவின் வான்கூவரில் 1998இல் தொடங்கிய லுலுலெமன் நிறுவனமும் ஒரே இடத்தைப் பகலில் உடை வடிவமைக்கவும் மாலையில் யோகா வகுப்புக்கும் பயன்படுத்தித்தான் வளர்ந்தது. பின்னால் பெரிய நிறுவனமான பிறகும், அந்தந்த ஊர் யோகா ஆசிரியர்களையே தன் தூதர்களாக வைத்துக்கொண்டது.

நம் ஊரில் ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண மண்டபங்கள் காலியாகக் கிடக்கின்றன. காற்றோட்டமான பெரிய ஹால், மின்விசிறி, கழிப்பறை, வண்டி நிறுத்த இடம், ஊரில் எல்லாருக்கும் தெரிந்த முகவரி. முகூர்த்தம் இல்லாத அந்த மாதத்துக்குக் காலை இரண்டு மணி நேரம் மட்டும் கேட்டால் பேரம் படியும். மார்கழியில் கோலம் போடவும் கோயிலுக்குப் போகவும் ஊரே விடியுமுன் எழுந்திருக்கிறது. புதிதாக ஒரு காலைப் பழக்கத்தைத் தொடங்க அதைவிட ஏற்ற மாதம் இல்லை. அடுத்து தையில் ரதசப்தமி. 108 சூரிய நமஸ்காரம் செய்யும் வழக்கம் பல வகுப்புகளில் உண்டு. பழைய மாணவர்கள் ஆளுக்கொருவரை அழைத்து வரட்டும். புதியவர் 12 செய்தால் போதும் என்று சொல்லிவிடலாம்.

மெரினாவிலும், கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையிலும், ஒவ்வொரு ஊர்ப் பூங்காவிலும் காலை நடைக்கு வருகிறவர்கள் ஏற்கெனவே பாதி மாணவர்கள்தான். உடம்பைக் கவனிக்க வேண்டும் என்ற முடிவை எடுத்துவிட்டவர்கள். மாநகராட்சி அனுமதியோடு, வாரம் ஒரு நாள் 15 நிமிடம், ‘நடந்தபின் கால் தளர்த்தும் பயிற்சி’ என்று நின்றபடியே செய்ய வைத்தால் மேட் கூட வேண்டாம்.

மேப்பில் இருக்கிறீர்களா?

இணையத்தில் செலவில்லாமல் செய்யக்கூடிய முதல் வேலை கூகுள் மேப்பில் வகுப்பின் விவரத்தைச் சரியாகப் பதிவது. பெயரோடு பேட்டையின் பெயர், வகுப்பு நேரம், மாடிப்படி எங்கே தொடங்குகிறது என்று காட்டும் ஒரு படம். இரண்டு மாதம் முடித்த மாணவர்களிடம் ஒரு வரி கருத்து எழுதச் சொல்லலாம். என்ன எழுதவேண்டும் என்று சொல்லக்கூடாது. “சூப்பர் கிளாஸ்” என்ற பத்து வரிகளைவிட “மூன்று மாதமாகப் போகிறேன், தரையில் உட்கார்ந்து எழ முடிகிறது” என்ற ஒரு வரி நம்பும்படி இருக்கும்.

ஐஐடி பட்டதாரி சௌரப் போத்ரா தொடங்கிய ஹாபில்ட் என்ற இணையவழி யோகா வகுப்பு, தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் வகுப்புக்கான இணைப்பை அனுப்பியே பெருங்கூட்டத்தைச் சேர்த்தது. அதன் நோக்கம் ஆசனத் தேர்ச்சியைவிடத் தினமும் வரும் பழக்கம். சின்ன வகுப்புக்கு வாட்ஸ்அப் பிசினஸ் இலவசமாகவே கிடைக்கிறது. மாணவர்களை ஒரு குரூப்பில் போட்டு அவர்கள் எண்களை எல்லாருக்கும் காட்டுவதைவிட பிராட்காஸ்ட் பட்டியல் நல்லது. காலை வணக்கப் படங்கள் வேண்டாம். வாரம் ஒரு முறை மாஸ்டரின் சொந்தக் குரலில், அரை நிமிடம், தமிழில், ஒரே ஒரு பயிற்சி. அதை மாணவர் தன் அக்காவுக்கு அனுப்புவார்.

ஃபீஸும் வாக்குறுதியும்

முதல் வகுப்பு இலவசமா? கொடுக்கலாம். ஆனால் தள்ளுபடியையே தொழிலாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் சாட்சி. 2013இல் வந்த கிளாஸ்பாஸ் திட்டத்தில் ஒரு கட்டத்தில் மாதம் 99 டாலருக்குப் பல ஸ்டுடியோக்களில் கணக்கில்லாமல் வகுப்புக்குப் போகலாம் என்றார்கள். வந்த கூட்டம் எந்த ஸ்டுடியோவுக்கும் சொந்தமாகவில்லை. கட்டுப்படியாகாமல் 2016இல் அந்த வரம்பில்லாத் திட்டத்தையே நிறுத்தினார்கள். சின்ன வகுப்புக்கு ஒரு மாதத்தைவிட மூன்று மாதக் கட்டணமே ஏற்றது, அதையும் தவணையில். உடம்பு மாற்றத்தை உணர அவ்வளவு காலமாவது வேண்டும்; முதல் மாதத்தில் விலகுகிறவர் யோகாவால் பயனில்லை என்ற செய்தியைத்தான் ஊருக்குள் எடுத்துப்போவார்.

இதைவிடக் கவலைக்குரியது நோட்டீஸ்களில் வரும் வாக்குறுதிகள். ‘சர்க்கரை நோய் முற்றிலும் குணமாகும்’, ‘மாத்திரையை நிறுத்தலாம்’. இது வெறும் மிகை இல்லை, ஆபத்து. இன்சுலினை நிறுத்திவிட்டு வகுப்புக்கு வருகிறவரின் உயிர் அந்த வரியில் தொங்குகிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்கலாம். 2024இல் பதஞ்சலி ஆயுர்வேத நிறுவனம் விளம்பர வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் நின்று, நாளிதழ்களில் மன்னிப்பு வெளியிட நேர்ந்ததை நாடே பார்த்தது.

சொல்வதற்கு உண்மையே நிறைய இருக்கிறது. நாள்பட்ட இடுப்புவலி பற்றி 2017இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, 12 ஆய்வுகளையும் 1,080 பேரையும் எடுத்துக்கொண்டு, உடற்பயிற்சியே செய்யாதவர்களோடு ஒப்பிட்டால் யோகா செய்தவர்களின் அன்றாட இயக்கம் ஓரளவு மேம்பட்டது என்று சொன்னது. ‘ஓரளவு’ என்ற சொல்லையும் சேர்த்தே நோட்டீஸில் போடலாம். அருகில் இருக்கும் டாக்டரும் பிசியோதெரபிஸ்ட்டும் அப்படிப்பட்ட ஆசிரியரிடம்தான் தயங்காமல் ஆள் அனுப்புவார்கள். மத்திய ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் 2018 முதல் இயங்கும் யோகா சான்றளிப்பு வாரியத்தின் சான்றிதழ் இருந்தால், அதை வரவேற்பறைச் சுவரில் மாட்டிவைப்பதில் கூச்சமே வேண்டாம்.

வந்தவரைத் தக்கவைப்பது புதியவரைப் பிடிப்பதைவிடச் செலவு குறைந்தது. ஒரு வருகைப் பதிவேடு போதும். மூன்று நாள் தொடர்ந்து பெயர் விடுபட்டால், நான்காம் நாள் மாஸ்டரே கூப்பிட்டு, “என்னம்மா, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?” என்று கேட்க வேண்டும். ஃபீஸைப் பற்றி அந்த அழைப்பில் ஒரு வார்த்தைகூட வரக்கூடாது.

ஆண்டுக்கு ஒரு நாள் விளம்பரம் தானாக வீட்டு வாசலுக்கு வருகிறது. 2014 டிசம்பர் 11இல், 177 நாடுகளின் ஆதரவோடு ஐ.நா. பொதுச்சபை ஜூன் 21ஐச் சர்வதேச யோகா தினமாக அறிவித்தது. அன்று பள்ளி, வங்கி, ஐடி அலுவலகம், தொழிற்சாலை எல்லாவற்றுக்கும் ஒரு யோகா ஆசிரியர் தேவை; பெரும்பாலான இடங்களில் ஜூன் முதல் வாரத்தில்தான் தேடத் தொடங்குகிறார்கள். ஏப்ரலிலேயே ஒரு கடிதத்தோடு நேரில் போய், ஆயுஷ் அமைச்சகத்தின் 45 நிமிடப் பொதுப் பயிற்சித் திட்டத்தை நடத்தித் தருகிறேன் என்று சொல்பவருக்கு அந்த நாள் உறுதி. அன்று மைதானத்தில் நூறு பேர் கையைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டு கலைந்துவிடுவார்கள். கலைவதற்குமுன் ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டுச்சீட்டு போக வேண்டும்: மறுநாள், ஜூன் 22, காலை 6 மணி, எந்தத் தெரு, எத்தனையாவது மாடி, பெண்களுக்குத் தனி பேட்ச் எத்தனை மணிக்கு, முதல் பத்து நாளுக்கு என்ன கட்டணம்.